அப்பா அம்மாவுக்கு பாலிசி இருக்கு, மாத்திரை இருக்கா?

போன வாரம் வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பெங்களூர்ல வேலை. ஊர்ல அப்பா அம்மாவுக்கு 10 லட்சத்துக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்துட்டேன். இது போதுங்களா?" ஒரு வரியில் பதில் போட முடியலை. ஏன்னா 2020-ல் நானும் போதும்னுதான் நினைச்சுட்டு இருந்தேன்.

அப்ப எனக்கு சென்னையில் ஆடிட் வேலை. அப்பாவும் அம்மாவும் பல்லடத்தில் இருந்து 7 கிலோமீட்டர் தள்ளி, தோட்டத்துச் சாளையில் இருந்தாங்க. அப்பாவுக்கு 67 வயசு, 12 வருஷமா சுகர். என் கம்பெனி குரூப் பாலிசியில் ரெண்டு பேரும் உண்டு, 5 லட்சம் கவர். என் எக்ஸெல் ஷீட்டில் 'பெற்றோர் மருத்துவம்' என்ற வரிக்கு நேராக டிக் போட்டு வச்சிருந்தேன்.

அந்த வருஷம் கொரோனாவுக்கு முன்னாடியே எங்க ஊருக்கு வதந்தி வந்துடுச்சு. கோழி சாப்பிட்டா கொரோனா வரும்னு கிளப்பி விட்டதில் கறிக்கோழி விலை படுத்தது. எங்க பண்ணையில் கம்பெனி அடுத்த பேட்ச் குஞ்சு இறக்கலை. கையில் வர்ற வளர்ப்புக் கூலி நின்னுபோச்சு. மார்ச் 24 சாயங்காலம் தமிழ்நாட்டில் 144, மறுநாள் நாடு முழுக்க ஊரடங்கு. டவுன் பஸ்ஸும் நின்னுது. அப்பா பார்வை மங்கினதால் வண்டி ஓட்டறதை எப்பவோ விட்டுட்டார்.

சுகர் மாத்திரை தீரப்போற நேரம். அப்பா என்ன பண்ணினார் தெரியுமா? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு என்பதை ஒரு வேளையாக்கிட்டார். பத்து நாள், இருபது நாள் இல்லை, மாசக்கணக்கில். நான் தினமும் போன் பண்ணுவேன். "நாங்க நல்லாத்தான் இருக்கறோம் சாமி, நீ வெளிய கிளிய போகாத" என்பார். நானும் வச்சுடுவேன். பணம் என் அக்கவுண்டில் சும்மா கிடந்தது. கேட்கணும்னு அவருக்குத் தோணலை, கேட்டுத் தெரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணலை.

செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம்னு ஆன பிறகு ஊருக்கு வந்தேன். இடது காலில் ஆறாத புண். கோயமுத்தூரில் சேர்த்தோம், ஒரு விரலை எடுத்தாங்க. கிளெய்ம் பாஸ் ஆச்சு; கையுறை, கவச உடை மாதிரி சில ஐட்டங்களைத் தவிர மீதி வந்துடுச்சு. அதாவது பாலிசி தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சது.

இதைத்தான் அந்தத் தம்பிக்குச் சொல்ல வர்றேன். சாதாரண ஹெல்த் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் வேலை செய்யும். பெரியவங்களுக்கு வேண்டியதில் முக்காவாசி அதுக்கு முன்னாடி வருது: தினசரி மாத்திரை, ரத்தப் பரிசோதனை, டாக்டரைப் பார்க்கப் போக ஒரு வண்டி, கூட வர ஒரு ஆள், கையில் காசு. கொரோனா காலத்தில் அறுந்தது இதெல்லாம்தான். அறுந்த இடத்தில் யாருக்குப் பிள்ளை பக்கத்தில் இருந்தது, யாருக்கு ஸ்மார்ட்போன் இருந்தது என்பதுதான் உடம்பைத் தீர்மானிச்சது. அரசு 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி ஓபிடி ஆரம்பிச்சு வீட்டில் இருந்தே டாக்டரைப் பார்க்கலாம்னு சொன்னது, நல்ல விஷயம். பட்டன் போன் வச்சிருந்த எங்க அப்பாவுக்கு அது எந்த ஊர்ல இருக்குன்னே தெரியாது.

இன்சூரன்ஸ் பக்கத்திலும் ஒரு கூத்து நடந்தது. 2020 ஜூலையில் 'கொரோனா கவச்' பாலிசி வந்தது. 50,000 முதல் 5 லட்சம் வரை கவர், வீட்டுச் சிகிச்சைக்கும் பணம். ஆனா சேர அதிகபட்ச வயசு 65. யாருக்கு ஆபத்து அதிகமோ, அவங்களுக்குக் கதவு சாத்தி!

அம்மா கதை வேற. அப்பாவைக் கவனிச்ச பரபரப்பில் அவங்களுக்கு பிபி பார்த்தே 2 வருஷம் ஆயிருந்தது யாருக்கும் உறைக்கலை. "மாடு பால் கறக்கற நேரத்துல எங்க கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறது?" 2021 ஜூனில் மற்ற மாவட்டங்களில் தளர்வு வந்தப்பவும் கோவை, திருப்பூர் உட்பட 11 மாவட்டங்களில் கெடுபிடி அப்படியே இருந்தது. அந்த மாசம் அம்மாவுக்கு மாத்திரை வந்தது பால் வண்டியில். சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போற பக்கத்துத் தோட்டத்துப் பையன் வாங்கிட்டு வந்து கொடுத்தான். நான் ஜிபேயில் பணம் போட்டேன், அவ்வளவுதான்.

அரசும் பின்னாடி இதே ஓட்டையைத்தான் அடைக்கப் பார்த்தது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கற திட்டம். உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா அம்மா பெயர் இருக்கான்னு கேளுங்க. "நமக்கெதுக்கு அதெல்லாம்"னு கௌரவம் பார்க்காதீங்க.

சரி, கணக்குக்கு வருவோம். எங்க வீட்டில் இப்ப மாசச் செலவு: மாத்திரை 1,800 ரூபாய், 3 மாசத்துக்கு ஒருமுறை டெஸ்ட் என்பதால் மாசத்துக்கு 500, ஆட்டோ 1,200, போன் ரீசார்ஜ் 300. மொத்தம் 3,800, வருஷத்துக்கு 45,600. இதை எஸ்ஐபி மாதிரி 1-ம் தேதியே தனி அக்கவுண்டுக்கு அனுப்பிடறேன். அந்த அக்கவுண்ட் அம்மாவும் நானும் ஜாயின்ட், யார் வேணும்னாலும் எடுக்கற மாதிரி. அதிலேயே 1 லட்சம் தொடாம கிடக்கு. கேஷ்லெஸ் அனுமதி வர்ற வரைக்கும் சில இடத்தில் அட்வான்ஸ் கேட்பாங்க, அதுக்கு. டாக்டர் சம்மதிச்சா ஒரு மாச மாத்திரை எப்பவும் கூடுதலா வீட்டில் இருக்கட்டும்.

பாலிசி வேண்டாம்னு நான் சொல்லலை. இப்ப நிலைமை பரவாயில்லை. 2024 ஏப்ரலில் இருந்து 65 வயசு உச்சவரம்பு விதி போயிடுச்சு, ஏற்கெனவே இருக்கற நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 3 வருஷம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. சுகர் இருந்தா மறைக்காம எழுதுங்க.

வரிச் சலுகை பற்றி எல்லாரும் கேட்பீங்க. 80டி-யில் 60 தாண்டின பெற்றோருக்கு 50,000 ரூபாய் வரை கழிக்கலாம். பாலிசியே கிடைக்கலைன்னா மாத்திரை, டாக்டர் செலவையும் அதே வரம்பில் காட்டலாம், ஆனா கேஷா கொடுத்திருக்கக் கூடாது. இது பழைய ரெஜிமில் மட்டும். 12.75 லட்சத்துக்குள் சம்பளம் வாங்கற ஆள் இதுக்காகப் பழசுக்குத் தாவினா நஷ்டம், தாவாதீங்க.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போன் பண்ணா "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்காதீங்க. மாத்திரை டப்பாவை எடுத்து வரச் சொல்லி, எத்தனை பாக்கி இருக்குன்னு எண்ணச் சொல்லுங்க. எங்க அம்மா முதல் தடவை எண்ணினப்ப பிபி மாத்திரை 41 இருந்தது. இருக்க வேண்டியது 12.