பெட்டிக்குள் பழகும் கைகள்

சென்ற தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபோது, என் தாயாருக்குப் பித்தப்பையில் கல் இருப்பதாகத் தெரிந்தது. லேப்பராஸ்கோப்பி முறையில் அகற்றிவிடலாம் என்றார் மருத்துவர். பயிற்சி மருத்துவர்களும் உடன் இருப்பர் என்று கேட்டதும் அம்மாவின் முகம் வாடிற்று. "என் வயித்துலயா பழகப் போறாங்க?" என்றார். பௌதிகம் பயிலும் நான் விடை அறியாது விழித்தேன்.

தில்லி திரும்பியதும், அறுவை மருத்துவத்தில் மேற்படிப்புப் பயிலும் நம் சங்க நண்பர் ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அவர் தம் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் சென்று ஒரு பெட்டியின் முன் என்னை நிறுத்தினார்.

மூடிய பெட்டி, மேலே இரு துளைகள், உள்ளே காமிரா, எதிரே திரை. துளைகளின் வழியே நீண்ட இடுக்கிகளைச் செலுத்தி, ஆறு ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மறு கைக்கு மாற்றி, எதிர்ப்புற முளைகளில் மாட்ட வேண்டும். குழந்தை விளையாட்டென்று எண்ணினேன். முதல் துண்டே நழுவி மூலைக்கு ஓடிற்று!

காரணம், பள்ளியில் நாம் படித்த நெம்புகோல்தான். கருவி வயிற்றுச் சுவரில் நுழையும் இடமே அதன் ஆதாரப்புள்ளி. ஆகவே கை இடப்புறம் சென்றால் நுனி வலப்புறம் செல்லும். கருவி ஆழமாகச் செல்லச் செல்ல நுனியின் அசைவும் பெரிதாகும். தட்டைத் திரையில் ஆழம் தெரியாது. நீண்ட கோலின் வழியே தொடுவுணர்ச்சியும் மங்கும். கத்தி பிடித்துத் தேர்ந்த கையும் இங்கே அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும்.

1985 இல் ஜெர்மனியில் எரிக் மூஹே இம்முறையில் பித்தப்பையை அகற்றினார். இந்தியாவில் 1990 இல் பம்பாயில் டாக்டர் உத்வாடியா அதைச் செய்தார். முறை விரைந்து பரவிய தொடக்க ஆண்டுகளில், பித்தநாளக் காயங்கள் முன்னினும் மிகுந்தன. கற்றலின் விலையை நோயாளிகள் செலுத்தினர் எனலாம்.

அவ்விலையைக் குறைக்க வழி உண்டா? 2002 இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வைக் காண்போம். பயிற்சி மருத்துவர் 16 பேரில் ஒரு பிரிவினர், குறித்த தேர்ச்சி வரும்வரை கணிப்பொறியில் பழகினர். பின்னர் மெய்யான அறுவையில் அவர்கள் பித்தப்பையை 29 விழுக்காடு விரைவாகப் பிரித்தெடுத்தனர். அவ்வாறு பழகாதவர்களோ, பித்தப்பையைக் காயப்படுத்தவும் வேறு திசுவைச் சுட்டுவிடவும் ஐந்து மடங்கு வாய்ப்புடையவராயினர்.

பெட்டியில் தேறியபின்னும் உடனே கருவி கைக்கு வருவதில்லை. முதலில் ஆசிரியருக்குக் காமிரா பிடிப்பர்; பிறகு அவர் அருகே நிற்க, அறுவையின் எளிய பகுதி ஒன்றைச் செய்வர்; அதன்பின் அடுத்தது. எனினும் பெட்டியில் இரத்தம் கசிவதில்லை. என்றேனும் ஒரு நாள் மனித உடலில் முதன்முறை செய்தே ஆகவேண்டும்.

அன்றிரவு அம்மாவிடம் தொலைபேசியில் இதையெல்லாம் கூறினேன். "பழகத்தான் செய்வாங்க அம்மா. ஆனா உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாலயே நிறையப் பழகியிருக்கணும்" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அந்தப் பெட்டியில தேறினாங்களான்னு டாக்டரைக் கேக்கலாமா?" என்றார்.

கேட்கலாம், அன்பர்களே. நாம் எல்லோருமே கேட்கலாம்.