உப்பில் ஊறிய இன்ஜினைத் தலைமுழுகலாமா?

பாய்மரப் படகுக்கு எதற்கு இன்ஜின்? காற்று விழுந்துவிட்டால் கரை சேர வேண்டுமே! படகுகள் நெருக்கியடித்து நிற்கும் துறைக்குள் பாயை விரித்தபடி நுழையவும் முடியாது. அமெரிக்காவில் இந்த வேலையை நெடுங்காலம் பார்த்தது 'அட்டாமிக் 4'. பெயரில் மட்டுமே அணு. உண்மையில் அது நான்கு சிலிண்டரும் 30 குதிரைத்திறனும் கொண்ட எளிய பெட்ரோல் இன்ஜின். விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷ் நகரின் யுனிவர்சல் மோட்டார் நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்த வரிசையில், 1980-களின் நடுப்பகுதிக்குள் 40,000-க்கும் மேற்பட்ட இன்ஜின்கள் வெளிவந்தன. அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. அவை இருமத் தொடங்கும்போது உரிமையாளர் முன் நிற்கும் கேள்வி: செப்பனிடுவதா, கழற்றிவிட்டுப் புது டீசல் இன்ஜின் வைப்பதா?

பெரும்பாலோர் முதலில் பார்ப்பது வயதை. ஆனால், பாய்மரப் படகின் இன்ஜின் ஓடித் தேய்வதைவிட ஓடாமல் கெடுவதே அதிகம். லாரி இன்ஜின் சில வாரங்களில் ஓடும் மணிக்கணக்கை இது ஓர் ஆண்டில்கூட எட்டுவதில்லை. சும்மா நிற்கும் மாதங்களில் வேலை செய்வது உப்பு.

உள்ளே புகுந்த கடல்

காரில் ரேடியேட்டர் உண்டு. பழைய படகு இன்ஜின்கள் பலவற்றில் கடல்நீரே நேராக இரும்பு பிளாக்குக்குள் பாய்ந்து, சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியேறும். நீர் அதிகம் சூடானால் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல உப்பும் சுண்ணமும் உள்வழிகளில் படிந்துவிடும். அதனால் இவற்றைச் சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே ஓடவிடுவார்கள். மிச்சிகன் ஏரியின் நன்னீரில் ஓடிய அட்டாமிக் 4 திடமாக இருக்க, அதே ஆண்டில் பிறந்து ஃபுளோரிடாக் கடலில் ஓடியது அரித்துப்போவதன் காரணம் இந்த உப்புநீர்தான்.

உப்பு முதலில் அடைக்கும் இடங்களில் ஒன்று, புகையும் கடல்நீரும் கலக்கும் முழங்கைக் குழாய். இது அடைத்தால் புகை வெளியேற வழியின்றித் திணறும்; இன்ஜின் கொதிக்கும், இழுவை குறையும். டீசல் என்றால் கரும்புகையும் கக்கும். 'கதை முடிந்தது' என்று உரிமையாளர் முடிவுகட்டுவார். குழாயைக் கழற்றிப் பார்த்தால், கட்டைவிரல் நுழைய வேண்டிய வழியில் கரியும் உப்பும் கல்லாக இறுகி, பென்சில் நுழையும் துளை மட்டுமே மிஞ்சியிருக்கும். குழாயை மாற்றினால் போதும், பழைய இழுவை திரும்பிவிடும்.

கேஜ் சொல்லும் தீர்ப்பு

வெளியே தொங்கும் பாகங்கள் எல்லாம் மாற்றக்கூடியவை. முடிவைத் தீர்மானிப்பது சிலிண்டரின் உட்புறம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் அழுத்தம் தெரியும். நல்ல நிலையிலுள்ள அட்டாமிக் 4-இல் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டை ஒட்டி இருக்கும். காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் டீசலில் இது 400-ஐ நெருங்கும். எண்ணைவிட முக்கியம், சிலிண்டர்களுக்கிடையே உள்ள வேறுபாடு.

பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால், அதில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி சோதிப்பார்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. அடுத்தடுத்த இரண்டும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம் விழும். ஓடாமல் கிடந்து துருவில் சிக்கிய வால்வைப் பெரும்பாலும் விடுவித்துவிடலாம். ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இன்னும் தெளிவாகும்: இரும்புத்துகள் கூடினால் சிலிண்டர் தேய்கிறது, செம்பு கூடினால் பேரிங், சோடியம் கூடினால் உள்ளே கடல்நீர் கசிந்திருக்கலாம்.

எத்தனை குதிரை பூட்டினாலும்

'எப்படியும் செலவு செய்கிறோம், பெரிய இன்ஜினாகவே வைப்போமே' என்ற ஆசைக்கு இயற்பியல் குறுக்கே நிற்கிறது. படகு ஓடும்போது தானே அலை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அது படகின் நீர்மட்ட நீளத்தை எட்டியதும், படகு தான் எழுப்பிய மேட்டிலேயே ஏற வேண்டியிருக்கும்; அதற்குமேல் வேகம் கூட்ட முயன்றால் நீரின் எதிர்ப்பு மளமளவென ஏறும். 1870-களில் இங்கிலாந்தின் டார்க்கியில் மாதிரிப் படகுகளைத் தொட்டியில் இழுத்து, இந்த எதிர்ப்பை அளந்தவர் வில்லியம் ஃபுரூட். நீர்மட்டத்தில் 25 அடி நீளமுள்ள கேட்டலினா 30 என்னும் பாய்மரப் படகுக்கு அந்த வேக எல்லை ஏறக்குறைய 6.7 நாட். ஆரம்ப காலத்தில் அட்டாமிக் 4-உடன் வந்த இந்தப் படகு, பின்னர் வெறும் 11 குதிரைத்திறன் டீசலோடும் விற்பனையானது.

புது இன்ஜினின் விலையோடு செலவு முடிவதுமில்லை. அடித்தளம், கியர்பாக்ஸ், புகைக்குழாய், சில நேரம் புரொப்பெல்லர் எல்லாமே மாறும். இன்ஜினையும் புரொப்பெல்லர் தண்டையும் இணைக்கும் இரு வட்டத் தகடுகளுக்கிடையே, இடைவெளியை அளக்கும் மெல்லிய பட்டையான பீலர் கேஜை நாற்புறமும் செருகி, இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட மாறாதபடி சரிசெய்ய வேண்டும். அதையும் படகு மிதக்கும்போதே செய்ய வேண்டும். கரையில் ஏற்றினால் உடல் சற்று வளைந்து கணக்குத் தவறிவிடும்.

ஆகவே, பிளாக் விரிசல் விட்டிருந்தாலோ, சுவர் அரித்துச் சிலிண்டருக்குள் நீர் புகுந்தாலோ, உதிரிபாகம் கிடைக்காவிட்டாலோ மாற்றுங்கள். பெட்ரோலாவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி ஒரு பொறியில் வெடிக்கும் என்ற அச்சத்தில் டீசலுக்கு மாறுவதும் நியாயமான காரணமே. இவை எதுவுமில்லை, கேஜும் நல்ல எண்ணைக் காட்டுகிறது என்றால் பழையதைச் செப்பனிடுவதே லாபம்.