மக்காச்சோள உரமும் கடல் வளமும்

மக்காச்சோளம் நெடுங்காலமாகக் கோழித் தீவனமாகவும் மாட்டுத் தீவனமாகவும் பயன்பட்டு வருகிறது. அண்மைக் காலத்தில் இதிலிருந்து எத்தனால் என்னும் எரிசாராயம் வடித்துப் பெட்ரோலுடன் கலக்கின்றனர். நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 சதம் எத்தனால் கலக்கும் இலக்கு 2025-ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. தேவை கூடும்போது சாகுபடிப் பரப்பும் உரத்தின் அளவும் கூடுவது இயல்பு. இவ்வழியில் நமக்கு முன் சென்ற அமெரிக்க நாட்டின் அனுபவம் நமக்கு நல்ல பாடமாகும்.

அமெரிக்காவில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் 2005, 2007-ஆம் ஆண்டுச் சட்டங்கள் எரிபொருளில் எத்தனால் போன்றவற்றைக் கலப்பதைக் கட்டாயமாக்கின. 2006-ல் 7.83 கோடி ஏக்கராக இருந்த மக்காச்சோளப் பரப்பு 2007-ல் 9.35 கோடி ஏக்கராக உயர்ந்தது. சோயா மொச்சை பயிரிட்டு வந்த நிலங்கள் பலவற்றிலும் மக்காச்சோளம் இடம்பிடித்தது. சோயா மொச்சை பயறு வகையைச் சேர்ந்தது. அதற்குத் தழைச்சத்து உரம் மிகக் குறைவாகவே தேவை. மக்காச்சோளமோ தழைச்சத்தை மிகுதியாக எடுக்கும் பயிர்.

அயோவா, இல்லினாய் போன்ற மாநிலங்களின் மக்காச்சோள வயல்களில் வடியும் நீர் மிசிசிப்பி ஆற்றைச் சேர்ந்து மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. எத்தனால் இலக்கை எட்டும் அளவுக்கு மக்காச்சோளம் பயிரிட்டால், ஆறு கடலுக்குக் கொண்டு செல்லும் தழைச்சத்து 10 முதல் 34 சதம் வரை கூடும் என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கடலில் விளையும் கேடு

வயலில் பயிரை வளர்க்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் கடலில் நுண்பாசிகளை வளர்க்கின்றன. பெருகிய பாசி மடிந்து அடியில் தங்கி மட்கும்போது, நீரிலுள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. கோடையில் ஆற்று நன்னீர் மேலும், கனமான உப்புநீர் கீழுமாக நிற்பதால் மேலிருந்து காற்று அடிநீருக்கு எட்டுவதில்லை. ஒரு லிட்டர் நீரில் பிராணவாயு 2 மில்லிகிராமுக்கும் கீழே குறையும்போது மீன்கள் விலகி ஓடுகின்றன. ஓட முடியாத சிப்பியும் புழுக்களும் மடிகின்றன. இப்பகுதியை ‘இறந்த மண்டலம்’ என்பர்.

எத்தனாலுக்கு முன்பே இக்கேடு இருந்தது. 1985 முதல் இதன் பரப்பை அளந்து வருகின்றனர். 2017-ல் இது ஏறக்குறைய 22,700 சதுர கிலோமீட்டர் வரை பரவியது. இதனை 5,000 சதுர கிலோமீட்டருக்குள் குறைக்க வகுத்த திட்டத்தின் காலக்கெடு 2015-லிருந்து 2035-க்குத் தள்ளிப் போயிற்று.

உரம் ஏன் தப்பிச் செல்கிறது?

யூரியா மண்ணில் அம்மோனியமாகவும் பின் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் பிடித்து வைக்கும். நைட்ரேட்டைப் பிடித்து வைக்காது. வேர் அதை உறிஞ்சாவிட்டால் நீரோடு போய்விடும். அமெரிக்க உழவர் பலர், அடுத்த பருவப் பயிருக்கான அம்மோனியாவை, அறுவடை முடிந்ததும் வெறும் நிலத்தில் இட்டுவிடுகின்றனர். விதைப்புக்கு முன் பெய்யும் மழையும் உருகும் பனியும் அதன் ஒரு பகுதியை வடிகாலுக்குக் கொண்டு செல்கின்றன. ஆகவே எவ்வளவு உரம் இடுகிறோம் என்பதுடன் எப்போது இடுகிறோம் என்பதும் முக்கியம்.

நாம் செய்ய வேண்டியவை

1. மண் பரிசோதனைப்படி உரமிட வேண்டும். பரிசோதனை செய்யாவிடில், இறவை வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு எக்டருக்கு 250 கிலோ தழைச்சத்து, 75 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல்சத்து போதுமானது. தழைச்சத்து மட்டும் ஏக்கருக்கு 100 கிலோ ஆகும்.

2. தழைச்சத்தில் கால் பங்கை அடியுரமாகவும், பாதியை விதைத்த 25-ஆம் நாளிலும், மீதிக் கால் பங்கை 45-ஆம் நாளிலும் இட வேண்டும். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 9 கிலோ தழைச்சத்து உள்ளது. அதைக் கழித்துக்கொண்டு யூரியா இட வேண்டும்.

3. கனமழை வரும் அறிகுறி இருந்தால் மேலுரத்தை ஒத்திப்போட வேண்டும். மேலுரத்தை மண்ணின் மேல் தூவாமல், செடியின் அருகே இட்டு மண் அணைக்க வேண்டும்.

4. மக்காச்சோளத்தின் பின் மீண்டும் மக்காச்சோளம் போடாமல் உளுந்து, தட்டைப்பயறு போன்ற பயறு வகைகளைப் பயிரிட வேண்டும். ஓடைக்கரையில் புல் வரப்பு விடுவதும் நன்று.

45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 21 கிலோ. மழையில் கரைந்து போவது நாம் விலை கொடுத்து வாங்கிய சத்து. வேரைத் தாண்டி இறங்கும் நைட்ரேட், நாம் குடிக்கும் கிணற்று நீரையும் கெடுக்கும். பெரம்பலூர், கடலூர் மாவட்டங்களின் மக்காச்சோள வயல்கள் பலவற்றில் வடியும் நீர், வெள்ளாற்றின் வழியே பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. அங்கே வலை வீசுவோரும் நம்மைப் போன்ற சிறு தொழிலாளிகளே. உரத்தை அளவறிந்து காலமறிந்து இட்டால், நம் செலவும் குறையும். அவர்கள் பிழைப்பும் கெடாது.