கேட்கத் தெரிந்த நடிகர்



ஒரு நடிகரைப் போற்றுவோர் பெரும்பாலும் அவர் பேசிய வசனங்களையே எடுத்துக்காட்டுவர். நீண்டதொரு வசனத்தை மனப்பாடஞ் செய்து, மேடையேறி ஒப்புவிப்பது நம் இளைஞரிடையே நெடுங்காலம் நிலவிய வழக்கம். நடிப்பென்றால் பேச்சு, பேச்சென்றால் முழக்கம் என்ற எண்ணம் அதனால் வேரூன்றிவிட்டது. யான் இன்று பேச விழையும் நடிகரோ, பிறர் பேச்சைக் கேட்ட விதத்தினாலே என்னைத் தம் ரசிகனாக்கியவர். அவர்தாம் டி. எஸ். பாலையா.

1914ஆம் ஆண்டு பிறந்த பாலையா, நாடக மேடையில் வளர்ந்து திரைக்கு வந்தவர். 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி வெளிவந்த ‘சதிலீலாவதி’ அவருடைய முதற் படம். எம். ஜி. ராமச்சந்திரனும் என். எஸ். கிருஷ்ணனும் திரையில் அறிமுகமானதும் அப்படத்திலேதான். அதன் கதாநாயகன் பழிக்கு அஞ்சி ஓடிவந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் கூலியாக உழைக்கின்றான் என்பது நம் நாட்டவர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. அவனை மதுவுக்கு அடிமையாக்கிக் கெடுக்கும் நண்பன் வேடம் பாலையாவுக்கு வாய்த்தது. அன்று தொடங்கி 1972இல் மறையும்வரை, வஞ்சகர், வணிகர், தமையன், தந்தை, வித்துவான் எனப் பல வேடங்களைத் தாங்கினார். கதாநாயகர்கள் பலர் வந்து போயினர். அவர்களுக்கு எதிரே நின்று அவர்தம் பேச்சைக் கேட்கும் பணி பாலையாவிடமே இருந்து வந்தது.

கேட்பதில் என்ன கலை இருக்கின்றது என்று சிலர் வினவலாம். பழைய நாடக மேடையின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு வினவார். அக்காலத்துத் தமிழ் நாடகம் இரு வழிகளில் நடைபெற்றது. ஒன்று, சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நிறுவிய சபையைப்போல, சிறுவர்களைச் சேர்த்துப் பாடமும் பாட்டும் கற்பித்த ‘பாய்ஸ் கம்பெனி’ வழி. மற்றொன்று, வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் வந்து, ஒத்திகையின்றி ஓர் இரவு கூடி நடிக்கும் ‘ஸ்பெஷல் நாடகம்’. எதிரே நிற்பவர் என்ன தர்க்கம் தொடுப்பார், எந்த அடியை எடுத்துப் பாடுவார் என்பது அங்கே முன்கூட்டித் தெரியாது. கூர்ந்து கேட்டவனே தக்க விடை பகர்ந்தான். கேளாதவன் சபையோர் நகைக்க நின்றான். ஒலிபெருக்கி இல்லாத அம்மேடையில், கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் விளங்குமாறு முகமும் உடலும் விடை கூறவேண்டியிருந்தது. மேடைக் கலைஞர்க்குக் கேட்கும் பழக்கம் உடம்போடு ஊறியது இவ்வாறுதான்.

திரைப்படம் வந்தபோது இப்பயிற்சி சிலருக்கு இடையூறாயிற்று. படக்கருவி முகத்தை மிக அருகே கொண்டுவந்து காட்டும். மேடையில் அளவாகத் தோன்றிய கண்ணசைவு திரையில் மிகையாகத் தோன்றும். பாலையா அதனை உணர்ந்து, பெரிய அசைவுகளை விடவேண்டிய இடத்தில் விட்டார். ஆனால் எதிராளியின் சொல் தம்முள் இறங்கும் கணத்தைக் காட்டும் ஆற்றலை மாத்திரம் விடாது வைத்துக்கொண்டார்.

1959இல் வெளிவந்த ‘பாகப்பிரிவினை’யை நோக்குங்கள். தம்பியாக எஸ். வி. சுப்பையாவும் தமையன் வைத்தியலிங்கமாகப் பாலையாவும் நடித்தனர். மனைவியின் சொற்கள் ஒவ்வொன்றாக அந்தத் தமையனின் செவியிற் புகுந்து, பாசத்தை அரித்து, ஒன்றாயிருந்த குடும்பத்தை இரண்டாக்குகின்றன. அவர் கொடியவரல்லர், கேட்கத் தகாததைக் கேட்டுக்கொண்டிருந்தவர். நம் ஊர்களிலே காணி எல்லைக்கும் வேலிக்குமாகப் பேச்சற்றுப் போன சகோதரர்களை அறிந்தவர்க்கு, அந்த முகம் அறியாத முகமன்று.

1964இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’ அனைவரும் அறிந்த நகைச்சுவைச் சித்திரம். படமெடுக்கும் பித்துப் பிடித்த மகன் செல்லப்பாவாக நாகேஷ், தம் தந்தை விசுவநாதனுக்குப் பேய்க்கதை ஒன்றைச் சொல்கின்றார். சொல்பவர் நாகேஷ்; பாலையாவுக்கு வசனம் மிகக் குறைவு. ஆயினும் நாம் யாரைப் பார்க்கின்றோம்? செல்வமும் செருக்கும் மிக்க அந்த எஸ்டேட் முதலாளியின் கண்கள் அகல்கின்றன, நா உலர்கின்றது, பெருந்தனவந்தர் சிறுகச் சிறுக இருளுக்கு அஞ்சும் குழந்தையாகின்றார். அவர் அஞ்சுவதனாலேதான் கதை சொல்பவரின் திறமை நமக்கு உறைக்கின்றது. திரைப்படங்களின் ஒலியை மாத்திரம் வானொலியிற் கேட்டு மகிழ்ந்தோர் நம் நாட்டிற் பலர். அவ்வாறு கேட்டோரும், முகத்தைக் காணாமலே, அவருடைய சிறு முனகலிலும் தடுமாறும் மூச்சிலும் அந்த அச்சத்தைக் கண்டனர்.

அடுத்த ஆண்டு, 1965இல், ஏ. பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’ வந்தது. விறகு விற்ற படலத்துக் கதையில் பாலையா ஏமநாத பாகவதர். பாண்டியன் அவையிற் செருக்கோடு பாடும்போது குரல் பாலமுரளிகிருஷ்ணாவினுடையது. அக்குரலின் கர்வத்தைத் தோளிலும் புருவத்திலும் சுமந்தவர் பாலையா. ஆயினும் அப்பாத்திரத்தின் உச்சம் அவர் பாடும் இடத்தில் இல்லை. விறகு வெட்டியாக வந்த இறைவனின் பாடல் இரவிலே செவியில் விழுகின்றது. தம்மை வெல்ல ஒருவருமில்லை என்றிருந்த வித்துவான், கேட்கின்றார், திகைக்கின்றார், பாணபத்திரரால் ஏற்கப்படாத சீடனே இவ்வாறு பாடுவானாயின் ஆசிரியர் எத்தகையவரோ என்று எண்ணி மதுரையை விட்டே நீங்குகின்றார். செருக்கு அழிவதைச் சொல்லால் விளக்குவது எளிது. கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் முகத்தில் அதனைக் காட்டுதல் அரிது.

1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் அவர் தவில் வித்துவான் முத்துராக்கு. நாதசுரத்தின் போக்கைச் செவியால் பற்றாமல் தவில் வாசித்தல் இயலாது. சிவாஜி கணேசன் ஏற்ற சண்முகசுந்தரத்தின் இசையை மட்டுமல்லாது, அவன் கோபத்தையும், வெளியிடாத காதலையும் உடனிருந்து கேட்கும் தோழர் முத்துராக்கு. ஒரு வாழ்நாள் முழுதும் பயின்ற கலைக்கு அதனினும் பொருத்தமான வேடம் வேறு வாய்த்திருக்க முடியாது.

நேயர்களே, ரசிகனின் அன்பு வெறும் ஆரவாரமாக முடிதல் கூடாது. தான் எதனைப் போற்றுகின்றான் என்று அவன் சொல்லத் தெரிந்திருத்தல் வேண்டும். கதாநாயகனை மாத்திரம் போற்றுவோமாயின், அவன் பேச்சை மெய்யென நாம் நம்புமாறு எதிரே நின்று உழைத்தவர்களின் கலை மறக்கப்படும்; மறக்கப்படுவதை இளைய நடிகர்கள் பயிலவும் மாட்டார். நம் பாடசாலைகளிலும் மன்றங்களிலும் நாடகம் பழகும் இளைஞர்கள், தம் வசனம் எப்போது வருமென்று காத்துநிற்பதை நாம் அடிக்கடி காண்கின்றோம். அவர்கள் பாலையாவின் படங்களை ஒருமுறை பார்க்கட்டும். அவர் பேசும் காட்சிகளை விடுத்து, அவர் வாய் மூடியிருக்கும் காட்சிகளை மாத்திரம் பார்க்கட்டும்.