லினக்ஸில் கேம்ஸ்: முதலில் பார்க்க வேண்டியது எது?

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. அந்தத் தீபாவளிக்கு நான் ஊருக்குப் போனபோது, தம்பியின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறவில்லை. வீட்டில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினியர் இருக்கும்போது கவலை எதற்கு? ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.

அன்று மாலை, நண்பர்களோடு தினமும் விளையாடும் ஆன்லைன் கேமைத் திறந்தான். திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. இரண்டு வருடமாக ஆடிய ஃபுட்பால் கேமின் சேவ் ஃபைல்களும் ஃபார்மட்டில் போய்விட்டன. "முன்னாடியே பார்த்திருக்கலாமே அண்ணா" என்றான். என்னிடம் பதில் இல்லை. எனவே நண்பர்களே, நான் தலைகீழாகச் செய்ததை நீங்கள் வரிசையாகச் செய்யுங்கள்.

1. முதலில் கேம்

விண்டோஸ் கேம்களை லினக்ஸில் இயக்க, வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்ற வசதியை ஸ்டீமில் சேர்த்தது. கேம் அனுப்பும் டைரக்ட்3டி கட்டளைகளை இது வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. ஒரே ஆளாக விளையாடும் கேம்களில் பெரும்பாலானவை இப்படி ஓடிவிடும்.

சிக்கல் 'ஆன்டி சீட்' புரோகிராம்களில்தான். ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்கும் இவற்றில் சில, விண்டோஸின் கெர்னல் வரை இறங்கி வேலை செய்பவை. புரோட்டானால் அந்தக் கெர்னலைத் தர முடியாது. அதனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை லினக்ஸில் ஓடுவதில்லை. லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸும் 2024-இல் நிறுத்தப்பட்டது. கவுன்டர் ஸ்டிரைக் 2, டோட்டா 2 போன்றவற்றுக்கு லினக்ஸ் பதிப்பே உண்டு.

புரோட்டான்டிபி என்ற தளத்தில் கேமின் பெயரைக் கொடுத்தால், மற்றவர்களுக்கு அது எப்படி ஓடியது என்று தெரியும். உங்கள் கேம்கள் ஒவ்வொன்றையும் அங்கே தேடிப் பாருங்கள்.

2. அடுத்து கிராபிக்ஸ் கார்டு

ஏஎம்டி கார்டு என்றால் டிரைவர் லினக்ஸோடு சேர்ந்தே வந்துவிடும். என்விடியா என்றால் அந்த நிறுவனத்தின் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். எதுவானாலும் கார்டு வல்கன் 1.3-ஐ ஆதரிக்கிறதா என்று பாருங்கள். மிகப் பழைய கார்டுகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

3. கடைசியில் டிஸ்ட்ரோ

வீட்டில் எல்லோரும் எல்லா வேலைக்கும் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் லினக்ஸ் மின்ட் போதும். அதன் 'டிரைவர் மேனேஜர்' மூலம் என்விடியா டிரைவரைச் சில கிளிக்குகளில் போட்டுவிடலாம்.

கேம்தான் முக்கிய வேலை, அல்லது கார்டு மிகப் புதியது என்றால் பஸைட் பொருத்தம். ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்ட இதில் ஸ்டீம் ஏற்கனவே இருக்கும். ஒரு அப்டேட் காலை வாரிவிட்டால், கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதே முந்தைய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். டவுன்லோட் செய்யும்போது உங்கள் கார்டுக்கு உரியதைத் தேர்ந்தெடுங்கள்.

மறக்கக்கூடாதவை

* சேவ் ஃபைல்களைப் பென் டிரைவில் காப்பி எடுக்காமல் எதையும் ஃபார்மட் செய்யாதீர்கள்.
* முடிந்தால் லினக்ஸைத் தனி எஸ்எஸ்டியில் போடுங்கள்.
* கேம்களை என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைக்காமல் லினக்ஸ் பார்ட்டிஷனிலேயே வையுங்கள். புரோட்டான் அங்குதான் ஒழுங்காக வேலை செய்யும்.
* ஒரு கேம் திறக்காவிட்டால், ஸ்டீமில் அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பேட்டிபிலிட்டி' சென்று வேறு புரோட்டான் பதிப்பை முயன்று பாருங்கள்.

தம்பிக்குப் பிறகு ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்தேன். அந்த ஒரு ஆன்லைன் கேமுக்காக மட்டும் அதில் விண்டோஸ் 10 போட்டு, 2026 அக்டோபர் வரையிலான கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுக்கும் பதிவு செய்தேன். மற்ற கேம்கள் எல்லாம் லினக்ஸில் நன்றாகவே ஓடுகின்றன. ஃபுட்பால் கேமை மட்டும் முதல் சீசனிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறான்.