மருந்துக்குக் கேட்காத சலக்கடுப்பு

ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை இலங்கையில் அறுகம்பேயின் உல்லைக் கரை அலைச்சறுக்குக்காரர்களால் நிறைந்திருக்கும். பலகை கவிழும்போதெல்லாம் ஒரு மிடறு கடல்நீராவது உள்ளே போகும். அதோடு என்ன போகிறது? பிரித்தானியாவின் எக்சிற்றர் பல்கலைக்கழகத்தார் இதை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். அந்நாட்டு அலைச்சறுக்குக்காரர் 143 பேரில் 13 பேரின் குடலில், செஃபோடாக்சிம் என்ற வலுவான அன்டிபயோட்டிக்குக்கு அடங்காத ஈ.கோலை இருந்தது. அலைச்சறுக்கில் ஈடுபடாத 130 பேரில் நால்வரிடம் மட்டுமே இருந்தது.

குடலில் இருக்கும்வரை அது பெரும்பாலும் தொல்லை தராது. கல்முனைப் பக்கம் நாம் உடம்புச் சூடு என்று இளநீர் குடிக்கும் சலக்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம், இதே ஈ.கோலை சிறுநீர் வழியில் ஏறுவதுதான். பெண்களுக்கு அந்த வழி குட்டை. அதனால் அவர்களையே அதிகம் வாட்டுகிறது.

தடிமனுக்கென்று டொக்டரின் துண்டில்லாமல் வாங்கி விழுங்கிய அமொக்சிசிலின் தடிமனை ஒன்றும் செய்யாது. தடிமன் வைரசால் வருவது. குடலிலோ அந்த மருந்து தனக்கு அடங்கும் கிருமிகளைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கும். மாதங்கள் கழித்துச் சலம் எரியும்போது அந்த மிச்சம்தான் மேலே வரக்கூடும். இதை நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லையே என்பது என் ஆதங்கம்.

அமொக்சிசிலின் உள்ளிட்ட பென்சிலின் குடும்ப மருந்துகளின் மூலக்கூறில் நான்கு அணுக்கள் சேர்ந்த வளையம் ஒன்று உண்டு. கிருமியின் நொதியம் அதை வெட்டிவிட்டால் மருந்து செத்தது. அந்த நொதியத்துக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏவில் இருப்பதால், பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கைமாறும். 2008இல் சுவீடனில் இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரின் சிறுநீரில் கிடைத்த கிருமியின் நொதியம், கடைசிக் கையிருப்பான கார்பபெனெம் மருந்துகளையும் வெட்டியது. அவர் புதுடில்லியில் சிகிச்சை பெற்றவர் என்பதால் என்.டி.எம்-1 என்று பெயரிட்டார்கள். 2010இல் கார்த்திகேயன் குமாரசாமியும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அது இருந்தது. சிகிச்சைக்குச் சென்னை போய்வருவோர் நம்மிடையேயும் உண்டு.

டொக்டர் கல்ச்சர் என்ற கிருமிச் சோதனைக்கு எழுதித் தந்தால், முதல் குளிசைக்கு முன்பே சலம் கொடுங்கள். தொடக்கத்தைக் கழியவிட்டு, நடுப்பகுதியைச் சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த வட்டுகளை வைப்பார்கள். எந்த வட்டைச் சுற்றிக் கிருமி போதிய அகலத்துக்கு வளராமல் வெறுமையாகிறதோ, அந்த மருந்து கேட்கும். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும்.

அப்படிப் பார்க்கையில் பல தடவை தேறி நிற்பது 1953இல் வந்த பழைய நைட்ரோஃபுரன்டோயின். கிருமியைப் பல இடங்களில் ஒரேநேரத்தில் தாக்குவதால் அதற்கு எதிர்ப்பு மெல்லத்தான் வளர்கிறது. ஆனால் அது சலத்தில்தான் செறியும். குளிர்காய்ச்சலும் விலாநோவும் சேர்ந்து வந்து, தொற்று சிறுநீரகத்தை எட்டிவிட்டால் அது போதாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.