மவுஸ் வழுக்கிட்டுப் போகலையா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி அடியைப் பாருங்க

மவுஸை நகர்த்தும்போது முதல்ல பிடிச்சுக்கிட்டு, அப்புறம் திடீர்னு தாவுதா? சின்ன பட்டனுக்குக் குறி வெச்சா, அதைத் தாண்டிப் போய் நிக்குதா? சென்சார் போச்சுன்னு நினைச்சு நிறைய பேர் புது மவுஸ் வாங்கிடறாங்க. பல நேரம் கோளாறு சென்சார்ல இல்லை, மவுஸோட அடியில இருக்கு.

மவுஸைத் திருப்பிப் பாருங்க. வழவழப்பான சின்னப் பட்டைகள் ஒட்டியிருக்கும். நல்ல மவுஸ்களில் இவை பெரும்பாலும் டெஃப்லான். ஆமாம், நான்ஸ்டிக் தவாவில் பூசற அதே பொருள்தான்! 1938இல் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்தது.

இதுல என்ன விசேஷம்? பீரோவைத் தள்ளியிருப்பீங்க. முதல்ல அசையவே அசையாது. அசைஞ்சுட்டா சுலபமா நகரும். அதாவது, கிளப்பத் தேவையான விசை அதிகம், ஓட்டத் தேவையான விசை குறைவு. டெஃப்லானில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவு. அதனாலதான் மவுஸை ஒரு மில்லிமீட்டர்கூட நிதானமா நகர்த்த முடியுது. பட்டையில் அழுக்கு சேர்ந்தாலோ, பட்டை தேய்ந்து மவுஸோட உடம்பே மேசையில் உரசினாலோ அந்த நிதானம் போயிடும். கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். நாள் முழுக்க கம்ப்யூட்டரில் வேலை செய்யறவங்களுக்கு இது வீண் சிரமம்.

என்ன செய்யலாம்? முதலில், பட்டை ஓரங்களில் இருக்கிற அழுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து, ஈரத்துணியால் துடைங்க. துணி மவுஸ் பேடா? லேசான சோப்புத் தண்ணியில அலசி, நிழலில் நல்லா காயவிடுங்க. பல நேரம் இதுவே போதும்.

பட்டை தேய்ஞ்சிருந்தா, உங்க மவுஸ் மாடலுக்கான பட்டையை மட்டும் தனியா வாங்கலாம். பழசை ஹேர் டிரையரால் லேசா சூடாக்கி உரிச்சு, மிச்சப் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைச்சு, காய்ஞ்சதும் புதுசை ஒட்டுங்க. பசை மேடா நின்னா மவுஸ் ஆடும்.

எண்ணெய், பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். தூசியை இழுக்கும், சென்சாரையும் மறைக்கும்.

இன்னொரு விஷயம்: ரொம்ப வழுக்கினாலும் நினைச்ச இடத்தில் நிறுத்துவது கஷ்டம். கடினமான பேடு வேகத்துக்கு, துணி பேடு நிறுத்தத்துக்கு. உங்க வேலைக்கு எது தேவைன்னு பார்த்துத் தேர்ந்தெடுங்க.